நெருப்பையாவுக்குப் புறம்பாக வைத்த கோப்பை

என்னோடு சேர்ந்து நரைத்துக்கொண்டிருப்பவர்களே, ரொறன்ரோ டோர்செட் பார்க் மாடிக் கட்டடங்களின் நெருப்பு மணி உங்களுக்கு நினைவிருக்கிறதா? யாரோ கருவாடு பொரித்திருப்பார்கள், யாரோ மிளகாய் வறுத்திருப்பார்கள், மணி அடித்துவிடும். லிஃப்ற் நின்றுபோகும். படி நிறையச் சனம் இறங்கும். ஒருவர் கையில் பிள்ளை, ஒருவர் கையில் அகதிப் பத்திரங்கள் வைத்த பை, இன்னொருவர் கையில் பாதி வெட்டிய வெங்காயம். கீழே புல்லில் நின்று "ஆற்ற வீடு? ஆற்ற வீடு?" என்று, யாருடைய வீட்டில் நெருப்பு என்று, கேட்டுக்கொண்டிருப்போம். பெரிய சப்பாத்துப் போட்ட தீயணைப்பு மனிதர்கள் மேலே ஏறிப் போய்ச் சிரித்துக்கொண்டு இறங்கி வருவார்கள். அவர்கள் உடுப்பிலும் எங்கள் கறிச் சரக்குத்தூள் மணக்கும்.

அந்தக் கட்டடத்தில் ஒரு கோடையில் மணி அடிப்பதற்கு முன்பே அணைந்துபோன நெருப்பு ஒன்று உண்டு. அது எங்கள் வீட்டு நெருப்பு. அதைச் சொல்லாமல் போனால் எனக்குச் சோறு செமிக்காது.

நான் அப்போது நாலாம் வகுப்பு. தம்பி தவழ்கிற வயது. அப்பா ஒரு சாப்பாட்டுக் கடையில் பாத்திரம் கழுவினார். அம்மா வீட்டில். எங்கள் கதவுக்கு நேர் எதிர்க் கதவில் தாதி வேலை பார்த்த ஒரு கறுப்பினப் பெண் இருந்தார். அந்த வசந்தத்தில் அவருடைய தகப்பன் வந்து சேர்ந்தார். மனைவியை இழந்தவர். ஏரிக்கு அந்தப் பக்கம் ஓர் அமெரிக்க நகரத்தில் தீயணைப்புப் படையில் இருந்து ஓய்வு பெற்றவர். கதவு நிலையில் தலை இடிக்கிற உயரம், ஒரு முழங்கால் மட்டும் மடங்க மறுக்கிற பிடிவாதக்காரன். எங்கள் சனம் கறுப்பினத்தவர்களை அந்த நாளில் என்ன சொல்லால் சொன்னது என்பதை இங்கே எழுதமாட்டேன், உங்களுக்கும் தெரியும். ஆனால் அவருக்கு மட்டும் எப்படியோ மரியாதையான பெயர் அமைந்துவிட்டது: நெருப்பையா.

நெருப்பையாவிடம் கடற்படை நீலத்தில் ஒரு கோட் இருந்தது. நெஞ்சுப் பையில் தையல் வேலை செய்த சின்னம். மாதம் ஒரு சனிக்கிழமை அதைப் போட்டுக்கொண்டு, சப்பாத்தில் முகம் தெரியத் துடைத்துக்கொண்டு, பஸ் பிடித்து எல்லை தாண்டிப் போவார். எங்கே போகிறார் என்று அப்பா விசாரித்தார். கறுப்பினத் தீயணைப்பாளர்களின் சங்கக் கூட்டம் என்றார் மகள். அப்பாவுக்குச் சந்தோசம் தாங்கவில்லை.

"பாத்தியே! மூண்டு யாழ்ப்பாணத்தான் சேர்ந்தால் நாலு சங்கம் எண்டு எங்களைத்தான் பகிடி பண்ணுறாங்கள். இந்த மனுசன் கூட்டத்துக்கு நாடு விட்டு நாடு போறார். எங்கட ஊர்ச் சங்கக் கூட்டத்துக்குப் பக்கத்து வெக்ஸ்போர்ட்டில இருந்து வரப் பஞ்சிப்படுறாங்கள்!"

இனி நெருப்புக்கு வருகிறேன்.

ஒரு பின்னேரம் அம்மா மோர் மிளகாய் பொரித்துக்கொண்டிருந்தார். தொலைபேசி அடித்தது. கொழும்பிலிருந்து மாமா. அந்த நாளில் ஊர்ப்பக்கத்து அழைப்பு என்றால் உயிரோடு இருக்கிறார்கள் என்று பொருள், பாருங்கள். அம்மா கரண்டியோடு ஓடினார். எண்ணெய் முதலில் புகைந்தது. பிறகு 'பக்' என்று ஒரு சத்தம். தாச்சிச் சட்டியின் மேல் ஆளுயரத்துக்கு மஞ்சள் எழும்பி நின்றது. நான் கத்தினேன். அம்மா வந்து அரிசி கழுவி வைத்திருந்த தண்ணீர்ப் பானையைத் தூக்கினார். எண்ணெய் நெருப்பில் தண்ணீர் ஊற்றினால் என்ன ஆகும் என்று அம்மாவுக்கு யார் சொல்லிக் கொடுத்தது? ஊரில் விறகடுப்பு, விறகுக்குத் தண்ணீர்.

எங்கள் கதவு எப்போதும் திறந்தே கிடக்கும், ஊர்ப் பழக்கம். நெருப்பையா வீட்டுச் செருப்போடு உள்ளே வந்தார். அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்துப் பானையை இறக்கினார். அடுப்பைத் திருகி நிறுத்தினார். சோற்றுப் பானை மூடியை எடுத்து, கதவைச் சாத்துவது போல ஆறுதலாகத் தாச்சியின் மேல் சாத்தினார். அவ்வளவுதான். நெருப்பு மூச்சு விட இடமில்லாமல் செத்துப்போனது. தவழ்ந்து அடுப்படிக்கு வந்துவிட்ட தம்பியை ஒரு கையால் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார்.

"பயந்தவன் தண்ணீரைத் தேடுவான். தெரிந்தவன் மூடியைத் தேடுவான்" என்றார். அவர் பேசியது ஆங்கிலம்தான், ஆனால் என் மனதில் அது தமிழாகவே தங்கிவிட்டது. நல்ல பழமொழிக்கு எந்த மொழியிலும் வீடு கிடைக்கும்.

அம்மா அழுதார். பிறகு கும்பிட்டார். பிறகு அந்தப் பின்னேரமே ஒரு சபதம் எடுத்தார்.

"உயிரைத் தந்த மனுசனுக்கு ஒரு நேரச் சோறு போடாட்டில் நாங்கள் என்ன சனம்? இனி ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமை அவருக்குச் சாப்பாடு இஞ்சதான். அவர் சாப்பிட்டாப் பிறகுதான் நான் வாயில ஒரு பருக்கை வைப்பன்."

"எத்தினை ஞாயிறு?" என்றார் அப்பா.

"தம்பி தன்ர கல்யாணச் சோறு தின்னுமட்டும்."

கோப்பை என்றால் எங்களுக்குச் சோற்றுத் தட்டு. நாங்கள் ஊரிலிருந்து வந்த சில்வர் கோப்பைகளில் சாப்பிட்டோம். அம்மா கெனடி வீதிக் கடைக்குப் போய், அவருக்கென்று ஒரு பீங்கான் கோப்பை வாங்கி வந்தார். ஓரத்தில் தங்க வரி, நடுவில் ரோசாப்பூ. அப்பா அதைத் தூக்கிப் பார்த்தார்.

"கலியாணம் கட்டின நாள் தொடக்கம் எனக்கு உந்தமாதிரி ஒரு கோப்பையைக் கண்ணிலயும் காட்டேல்லை."

"நீங்களும் ஒரு நெருப்பை அணைச்சுக் காட்டுங்கோ, வாங்கித்தாறன்."

முதல் ஞாயிறு. நெருப்பையா சங்கக் கோட்டோடு வந்தார். மேசைக்கு ஒரே ஒரு கதிரை. ரோசாப்பூக் கோப்பை. பக்கத்தில் கரண்டி. ஆட்டிறைச்சிக் கறி, கத்தரிக்காய்ப் பால்கறி, பருப்பு, சொதி. அவர் உட்கார்ந்தார். நாங்கள் சுவரோரம் வரிசையாக நின்றோம். விருந்தாளி முதலில் சாப்பிட வேண்டும், வீட்டார் நின்று கவனிக்க வேண்டும், அதுதானே எங்கள் முறை.

"நீங்கள் சாப்பிடவில்லையா?" என்றார் அவர்.

"யூ ஃபர்ஸ்ட், யூ ஃபர்ஸ்ட்" என்றார் அப்பா, கையைக் கட்டிக்கொண்டு.

அவர் எங்களை ஒருமுறை பார்த்தார். பிறகு குனிந்து சாப்பிட்டார், அளந்து, சத்தமில்லாமல். அம்மா கோப்பை வெறுமையாக விடவில்லை. முடிந்ததும் அதை வேறாகக் கழுவி, வேறு துணியால் துடைத்து, பத்திரிகைத் தாளில் சுற்றி, மேல் தட்டில் புறம்பாக வைத்தார். அவர் வாசலில் சப்பாத்துக் கயிறு கட்டியபடி அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இப்போது யோசித்தால் எனக்கு இன்னொன்றும் கேட்கிறது. அவர் போனபின் அம்மா அப்பாவிடம் குரலைத் தாழ்த்திச் சொன்னது: "மாடு தின்னிற மனுசன், கோப்பை புறம்பாவே இருக்கட்டும்." அந்தத் தங்க வரியில் பாதி மரியாதை. மற்றப் பாதி என்ன என்று அம்மா தன்னிடமே கேட்கவில்லை.

அடுத்த ஞாயிறும் அப்படியே போனது. அதற்கடுத்த ஞாயிறு அவர் கையில் ஒரு பையோடு வந்தார். உட்கார்ந்து, பைக்குள்ளிருந்து ஒரு கோப்பையை எடுத்து மேசையில் வைத்தார். வெள்ளை இனாமல், நீல ஓரம், இரண்டு இடத்தில் செதில் பெயர்ந்து கறுத்த தகரம் தெரிந்தது. ரோசாப்பூக் கோப்பையை மெல்ல ஒரு விரலால் தள்ளினார்.

"உங்களுக்குச் சிரமம் வேண்டாம் அம்மா. என்னிடம் என்னுடையது இருக்கிறது."

அம்மாவின் முகம் சுருங்கியது. அந்தத் தகரத்தில் சோறு போட்டார். அவர் சாப்பிட்டார், எழும்பினார், தானே குழாயடியில் கழுவினார், தன் கைக்குட்டையால் துடைத்தார், பைக்குள் வைத்துக்கொண்டு போனார்.

கதவு சாத்தியதும் அம்மா வெடித்தார். "எங்கட கோப்பையில என்ன ஊத்தையைக் கண்டவர்? புதுக் கோப்பை! விலைச்சீட்டு உரிச்ச பசை இன்னும் அடியில கிடக்கு!"

மேல் மாடியிலிருந்து தேங்காய் கேட்டு வந்த அன்ரி, கேட்காமலே தீர்ப்புச் சொன்னார். "நாங்கள் நேற்று வந்த அகதியளெல்லே. எங்கட கோப்பை அவைக்கு அரியண்டமாத்தான் இருக்கும். நீர்தான் அந்தரப்பட்டு விழுந்து விழுந்து சமைக்கிறீர்."

அதற்கடுத்த ஞாயிறு அவர் வரவில்லை. வயிறு சரியில்லையாம் என்று மகள் சொல்லி அனுப்பினார். அதற்கடுத்ததும் வரவில்லை. லிஃப்ற்றில் கண்டால் தொப்பியைத் தொட்டுத் தலையாட்டுவார், அவ்வளவுதான். அம்மா ஞாயிறு தோறும் சமைத்தார். எங்களுக்குப் போட்டார். தான் சாப்பிடவில்லை. தேத்தண்ணி மட்டும் குடித்தார்.

"நேர்த்தி வைச்சது நீ. அந்த மனுசனுக்கு அது தெரியாது. சாப்பிடன்" என்றார் அப்பா.

"அவர் என்ர சோறு வேண்டாம் எண்டிட்டார். அப்ப என்ர பிள்ளையின்ர உயிருக்கு நான் என்னத்தைச் சொல்லி நன்றி சொல்லுறது?"



நிலக்கீழ் அறையில் உடுப்புத் தோய்க்கிற இடம் நினைவிருக்கிறதுதானே? சூடான பஞ்சு மணம், ஈரச் சீமெந்து, தள்ளுவண்டிச் சில்லுகளின் கீச்சல். அங்கேதான் அம்மாவும் நெருப்பையாவின் மகளும் ஒருவரிடம் ஒருவர் அகப்பட்டுக்கொண்டார்கள். மகள் தாதி உடுப்புகளை மடித்தபடி, சுற்றி வளைக்காமல் கேட்டார்.

"உங்களைக் கேட்க வேண்டும். என் அப்பாவை ஏன் தனியாக உட்கார வைத்தீர்கள்? அவர் சாப்பிட்ட தட்டை ஏன் மற்றத் தட்டுகளோடு வைக்கவில்லை?"

அம்மா தன் அரைகுறை ஆங்கிலத்தில் பதறினார். "ரெஸ்பெக்ற்! நியூ பிளேற்! ஒன்லி ஃபோர் ஹிம்!"

மகள் மடிப்பதை நிறுத்திவிட்டார். அம்மாவுக்கு விளங்கட்டும் என்று ஒவ்வொரு சொல்லாக இறக்கி வைத்துச் சொன்னார்.

அவருடைய தகப்பன் படையில் சேர்ந்த நாளில் அந்த நகரத்தில் கறுப்பினத் தீயணைப்பாளர்கள் கைவிரல் விட்டு எண்ணக்கூடிய அளவுதான். ஒரு நிலையத்துக்கு ஒருவராகச் சிதற விட்டிருந்தார்கள். தீயணைப்பு நிலையம் என்றால் வீடு மாதிரி. ஒரே அடுப்படி, ஒரே நீள மேசை, வரிசையாகக் கட்டில்கள். ஆனால் கறுப்பின ஆளுக்கு மலசலகூடப் பக்கத்தில் ஒரு கட்டில். அவர் வேலை முடிந்து போனாலும் வேறு யாரும் அதில் படுக்கமாட்டார்கள். சாப்பாடு எல்லோரும் முடித்தபின், அல்லது எல்லோருக்கும் முன், தனியாக. அவர் குடித்த குவளையை ஒருவன் அவர் கண்முன்னாலேயே குப்பையில் போட்டான். அதற்குப் பிறகு அவர் தன் சொந்தத் தட்டைக் கொண்டுபோனார். அதுதான் அந்த இனாமல். ஒரே புகையைக் குடித்தார்கள், ஒரே குழாயை இரண்டு கையாகப் பிடித்தார்கள். மேசைக்கு வந்ததும் அவர் வேறு.

"அதனால்தான் சங்கம்" என்றார் மகள். "மண்டபத்தில் தொடங்கவில்லை. ஒருவருடைய அடுப்படியில், என் அம்மா மாதிரிப் பெண்கள் சமைக்க, தொடங்கினது."

அந்தச் சங்கத்தின் முதல் வழக்கத்தை மகள் சொன்னார். புதிதாக ஒருவன் ஒரு நிலையத்தில் தனியாக மாட்டிக்கொண்டால், அன்று வேலை இல்லாத சகோதரர்கள் சாப்பாட்டு நேரம் பார்த்து அங்கே போவார்கள். தங்கள் தங்கள் தட்டோடு. அவன் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். சண்டை இல்லை, சத்தம் இல்லை. அவன் தனியாகச் சாப்பிடக்கூடாது, அவ்வளவுதான். பிறகுதான் பதவி உயர்வுப் பரீட்சைக்குச் சேர்ந்து படித்தது, செத்தவர்களின் குடும்பத்தைப் பார்த்தது, கட்டிலுக்கும் பதவிக்கும் நீதிமன்றம் ஏறியது எல்லாம். இன்று ரொறன்ரோவில் எங்கள் பிள்ளைகளில் ஒருத்தி தலைக்கவசத்தோடு அந்தச் சிவப்பு வண்டியில் இருந்து இறங்குவதைக் காணும்போது, நான் மனதுக்குள் அந்தத் தட்டுக்காரர்களுக்கு ஒரு கும்பிடு போடுவதுண்டு. கதவு தானாகத் திறப்பதில்லை. யாரோ தோள் கொடுத்த கதவு அது.

"எனக்குத் தெரியாது. சொறி. எனக்குத் தெரியாது" என்று அம்மா மகளின் கையைப் பிடித்துச் சொன்னார்.

மேலே வந்து அப்பாவிடம் எல்லாவற்றையும் ஒப்புவித்தார். 

"தெரியாது எண்டு அந்தப் பிள்ளைக்குச் சொல்லிப்போட்டன். பொய். எங்கட வீட்டுப் பின்கோடிக்குள்ள, வேலி வரிச்சில கவிட்டு வைச்ச சிரட்டையள் எனக்குத் தெரியாதோ? தோட்டத்துக் கூலிக்கு வாறவைக்கு, சாதி பாத்து, தேத்தண்ணி அதுக்குள்ளதானே வாத்தனான். என்ர கையாலதானே வாத்தனான்."

  அப்பாவின் வீட்டு வேலியிலும் சிரட்டை இருந்தது.

ஞாயிறு வந்தது. அம்மா விடியவே எழும்பிச் சமைத்தார். அறையெல்லாம் தேங்காய்ப்பால் மணம். ஆனால் மேசையில் ஒரு கோப்பையும் இல்லை. சில்வர், ரோசாப்பூ எல்லாவற்றையும் அலுமாரிக்குள் வைத்துச் சாத்திவிட்டார். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, தானே போய் எதிர்க் கதவைத் தட்டினார். நான் பின்னால் நின்றேன்.

மகள் கதவைத் திறந்தார். உள்ளே நெருப்பையாவோடு இன்னும் மூன்று முதியவர்கள். நாலு பேருக்கும் அதே நீலக் கோட், அதே சின்னம். ஒருவர் கைத்தடியோடு, ஒருவர் காதுக்கருவியோடு, ஒருவர் தொப்பையோடு. ஏரியைச் சுற்றிக் கார் ஓட்டி வந்திருந்தார்கள்.

"ஐயா. கம். ஈற். எவ்ரிபொடி டுகெதர்" என்றார் அம்மா. 

நெருப்பையா சகோதரர்களைப் பார்த்தார். அவர்கள் ஒன்றும் கேட்கவில்லை. எழும்பினார்கள். எழும்பும்போது ஒவ்வொருவரும் மேசையிலிருந்து ஒரு தட்டைக் கையில் எடுத்துக்கொண்டார்கள். அது ஏன் என்று அம்மாவுக்கு உடனே விளங்கியது. எங்கள் வீட்டில் வந்து சாப்பிட அவருக்குத் துணை தேவைப்பட்டிருந்தது.

எங்கள் வாசலில் அம்மா வழிமறித்து நின்றார். "நோ பிளேற்." தட்டுகளை ஒவ்வொன்றாக வாங்கினார். நீல ஓர இனாமலைக் கடைசியாக, இரண்டு கையாலும் வாங்கினார். எல்லாவற்றையும் தையல் மெசின் மேல் அடுக்கிவிட்டு உள்ளே விட்டார்.

"தட்டு இல்லாமல் எப்படி?" என்று காதுக்கருவிக்காரர் தொப்பைக்காரரைக் கேட்டது எல்லோருக்கும் கேட்டது.

அம்மா முழங்கை வரை கை கழுவினார். பெரிய சோற்றுப் பானையை மேசை நடுவில் வைத்தார். ஆட்டிறைச்சி, பருப்பு, கத்தரிக்காய், பொரித்து நொறுக்கிய அப்பளம் எல்லாவற்றையும் அதற்குள்ளேயே கொட்டி, கையை விட்டுக் குழைத்தார். உங்களுக்கு நான் விளக்க வேண்டுமா? பானையடியில் குழைத்த சோற்றின் மணம், திரட்டித் திரட்டி ஆளாளுக்குக் கையில் போடுவது, சுற்றி நின்று கை நீட்டுவது. உலகத்தில் அதைவிட ருசியான சாப்பாடு உண்டா? வீட்டாளுக்கு மட்டும் உரிய சோறு அது. விருந்தாளிக்கு யாரும் குழைத்துக் கொடுப்பதில்லை.

"கையை நீட்டுங்கோ."

"கரண்டி?" என்றார் கைத்தடிக்காரர்.

"நோ ஸ்பூன். நோ பிளேற். ஒன்லி ஹாண்ட்" என்றார் அப்பா, தன் கையை நீட்டிக் காட்டி.

நாலு பெரிய உள்ளங்கைகள் நீண்டன. நெருப்பையாவின் கையில் தீப்பட்ட தழும்பு மெழுகு மாதிரி மினுங்கியது. அம்மா முதல் திரளையை அதில் வைத்தார். பிறகு மற்றவர்களுக்கு, மகளுக்கு, அப்பாவுக்கு, எனக்கு. தம்பிக்கு ஒரு சின்ன உருண்டை.

நெருப்பையா சாப்பிடவில்லை. கையில் சோற்றோடு அம்மாவைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"உங்களுடையது எங்கே அம்மா?"

"அவ கடைசியிலதான்..." என்று தொடங்கிய அப்பா ஆங்கிலம் கிடைக்காமல் நிறுத்தினார். குழைக்கிறவள் கடைசியில் பானையை வழித்துத் தின்பதுதானே முறை.

அவர் அசையவில்லை. அவர் அசையாததைக் கண்டு மற்ற மூவரும் அசையவில்லை. நாலு நீலக் கோட்டும் உள்ளங்கையில் சோற்றை ஏந்தியபடி காத்து நின்றன. தம்பி மட்டும் தின்றான்.

அம்மா அப்பாவைப் பார்த்தார். அப்பா தலையசைத்தார். அம்மா பானைக்குள் கைவிட்டு ஒரு திரளை உருட்டினார். எல்லோருக்கும் முன்னால், அப்பாவுக்கும் முன்னால், தன் வாயில் வைத்தார். பல ஞாயிறுகளுக்குப் பிறகு அம்மா மென்றதைப் பார்த்தேன். கண்ணும் சேர்ந்து மென்றது.

அதன் பிறகுதான் நெருப்பையா வாயைத் திறந்தார். ஒரே வாயில் உள்ளே போட்டார். கண்ணை மூடினார். எல்லோரும் சாப்பிட்டோம். உறைப்பு ஏறி, தொப்பைக்காரர் கைக்குட்டையால் கண்ணை ஒற்றினார்.

"எரிகிற வீடுகளுக்குள் ஓடிப்போனவன் நான். இந்தப் பெண் அதை எனக்கு உள்ளேயே வைத்துவிட்டாள்!"

"மூடியைத் தேடு" என்றார் நெருப்பையா.

சிரிப்பில் சோறு சிதறியது. அம்மா அடுத்த சுற்றுக்கு உருட்டத் தொடங்கினார். இம்முறை முதல் ஆளாகக் கை நீட்டியிருந்தது நான். என் தலைக்கு மேலால், விரல்களை நக்கி முடிக்கும் முன்னமே, அந்தத் தழும்புக் கை நீண்டு வந்தது.

"ஐயா! லைன், லைன்!" என்று கத்தினார் அப்பா. "பிள்ளை முதல் நிக்குது, நீங்கள் பின்னுக்கு வாங்கோ!"

நெருப்பையா கையை மடக்கிக்கொண்டு, நல்ல பிள்ளை மாதிரி எனக்குப் பின்னால் போய் நின்றார்.